பதிலாக

காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு மாங்கூழ் ஆலை.
எடைமேடைக்குப் பின்னால் தகர அறை,
அதில் என் கணினி.
ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அது
நானூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் வரிகளைக் கக்கியிருக்க வேண்டும்.
கக்கவில்லை.
பதினோரு வருடத்துக்கு முன் திம்மராயன் என்றொருவர்
அத்தனையையும் அடியில்லாக் குழிக்குத் திருப்பிவிட்டு
பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்:
‘சீசன் முடிஞ்சதும் பாக்கலாம்.’
எந்த சீசன் என்று எழுதவில்லை.

குழியை மூடினேன். வரிகள் வந்தன.

நீ கூப்பிடும் இந்தச் செயற்கூறு டெப்ரிகேட்டட்.
இன்னும் இரண்டு பதிப்பு வரைதான் இருக்கும்.
பதிலாக இன்னதைக் கூப்பிடு.

அகராதியில் ‘வழக்கொழிந்த’ என்று போட்டிருக்கிறது. தப்பு.
எங்கே ஒழிந்தது?
இன்று காலைகூட பர்கூர் லாரி ஏறி நின்றபோது
ஒன்பது டன் நானூறு என்று சொன்னது அதுதான்.
நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிற ஒன்றிடம்
நீ போகப்போகிறாய் என்பதற்கு
ஒரே சொல்லாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.
‘ஓடுதில்ல?’
ஓடுது சார்.
‘எரரா?’
இல்ல, வார்னிங்.
‘அப்புறம் என்ன?’

அணை திறக்கும் நாளில் எங்கள் தெருவுக்கு
ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும்,
ஆற்றில் இறங்காதீர் என்று.
அப்போதும் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.
இதை அவரிடம் சொல்லவில்லை. சம்பளம் அவர் கையில்.

கடைசி லாரி போனபின், இரவுகளில், மாற்றினேன்.
பழைய பெயரை எடு, புதியதை வை,
எடைக்கல்லைத் தூக்கி மேடையில் போடு, எண் சரியா பார்.
இடுப்பு விட்டுப்போகும் வேலை.
ஒரு இரவு, கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது:
எங்கோ முகம் தெரியாத யாரோ
ஒரு செயற்கூற்றை நீக்க இரண்டு வருடம் முன்பே
கூப்பிடுகிற ஒவ்வொருவர் காதிலும் சொல்லிவைக்கிறார்.
இங்கே அழுகல் பொறுக்கும் வரிசையில் நூற்று முப்பது பெண்கள்.
போன வருடம் சாயங்காலம் ஐந்தரைக்குச் சொன்னார்கள்:
‘நாளையிலிருந்து வேணாம்.’

எடைக் கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.
பெங்களூரா வரத்து எந்த வாரம் அறுந்துபோகும் என்று தெரியும்.
வருகைப்பதிவும் இதே கணினியில்தான்.
ஜூலை முதல் திங்கள், கட்டைவிரல் வைத்ததும்
மஞ்சளில் ஒரு வரி வந்தது:
இந்த வரிசை இருபத்தாறாம் தேதிக்குப் பின் இயங்காது.

மேலாளர் ஓடிவந்தார். ‘என்ன இது?’
வார்னிங் சார். எரர் இல்ல.
வரிசை ஓடுதில்ல?

கெம்பம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு
பின்னால் நின்ற முனிலட்சுமியைப் படிக்கச் சொன்னாள்.
இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.
பிறகு என் பக்கம் திரும்பி,
‘அப்புறம் எங்க போறதுன்னு போடலியே?’

முந்தின இரவு
‘பதிலாக’ என்று அடித்துவிட்டு
அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த கோட்டையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.