கடைசி அசை

கொட்டாஞ்சேனையில் பார்மசிக்கு மேல்மாடி.
செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு வகுப்பு.
இமெல்டா மிஸ் பலேர்மோவில் பதினோரு வருஷம் இருந்தவ,
என்னைவிட ஒன்பது வயது இளையவ.
வினைச்சொல்லைப் பலகையில் எழுதி
பாரை மீனை வெட்டுகிற மாதிரிக் கோடு போடுவா.

அ | ஸ்பெத் | தோ.
நான் காத்திருக்கிறேன்.

என் வாய் 'அஸ்' என்றுதான் வெட்டும்.
நமக்கு ஒற்று
முன்னால் நிற்கிற எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும்.
இல்லை, அது பின்னால் வருகிறவனோடு போகும் என்கிறா மிஸ்.
இரட்டைத் தகரம் மட்டும் ஆளுக்கொன்றாய்ப் பிரியும்,
பத்து, முத்து மாதிரி.
அதில் எனக்குக் கஷ்டமில்லை.

கஷ்டம் பாரத்தில்.
காத் | திருக் | கிறேன்:
நேர் நிரை நிரை, கூவிளங்கனி,
ஓ.எல். சோதனையில் எழுதியிருக்கிறேன்.
எந்த அசையையும் தூக்கிச் சுமக்கச் சொன்னதில்லை.
இரவு ஒரு மணிக்குக் காலி வீதியில் ஓட்டோ போவதுபோல்
எல்லாம் ஒரே மட்டத்தில் போகும்.
இத்தாலியனில் சொல்லுக்கு ஒரு வேகத்தடை,
'ஸ்பெத்'தில் ஏறி இறங்கவேண்டும்.
'அவர்கள்' என்றாலும் மேடு அங்கேயே: அஸ்பெத்தனோ,
மிச்சம் இரண்டும் சரிவில் உருண்டு போகும்.
'நாங்கள்' என்றால் மேடு ஒரு வீடு தள்ளிப் போகும்.
ஏனென்று கேட்டால்
காது பழகும் என்கிறா.

வெள்ளவத்தை ஸ்டேஷனடியில் ஓட்டோவை நிறுத்தி
வியோலாவுக்குக் குரல் அனுப்பினேன்.
அவ போய் நாலு வருஷம்.
அங்கே யாரையோ குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி,
சம்பளத்தில் பாதியை அனுப்புகிறா.
ஒரே ஒரு சொல்தான் சொல்ல இருந்தது.
அந்த நேரம் பார்த்து அளுத்கம ரயில்.
அதைத் தாண்டிக் கேட்கவேண்டுமே என்று
கடைசி அசையில் கத்தினேன்: தோ!

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.
சிரித்து மூச்சு வாங்குகிறா.
"கடைசியில அழுத்தினா அது நீங்க இல்ல.
யாரோ ஒருத்தர் காத்திருந்தார்,
எப்பவோ, முடிஞ்சு போச்சு.
யாரப்பா அந்த ஆள்?"

ரயில் போய்விட்டிருந்தது.
என் குரலைத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.
இரைச்சலுக்குள்ளே வேறொருத்தன்,
தன் வேலையை முடித்துவிட்ட ஒருத்தன்.
அழிக்கப் போன விரல்
அழிக்கவில்லை.

தெஹிவளைக்கு ஹயர் வந்தது.
வில்லியம் சந்திச் சிவப்பு விளக்கில் நின்றபடி
ஸ்பெத், ஸ்பெத் என்று
நடு அசையை மட்டும் பழகினேன்.
பின்சீட்டுப் பிள்ளை போனிலிருந்து தலை தூக்கி,
"அங்கிள், தும்மலா?" என்று
டிஷூ ஒன்றை நீட்டினா.