பேனா எழும்பும் இடம்

ஸ்மோலியனிலிருந்து ஒரு கடிதம்.
கட்டம் போட்ட தாள், பென்சில் எழுத்து,
பதினொன்றாம் வகுப்பு.

"பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, படம் நான்கு.
தொண்ணூறு பாகையில் டேன்ஜென்ட்டுக்கு
மதிப்பே கிடையாது என்கிறது பாடம்.
உங்கள் படத்திலோ
அந்த ஓர் இடத்தில்தான் எல்லா மதிப்பும் இருக்கிறது.
எதை நம்ப?
ஸ்லதீனா."

படம் வரைந்தது நான்.
ஆறு பதிப்பு, பதினான்கு வருடம்,
பிளோவ்திவ் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
அச்சகத்தின் மூன்றாவது மாடியில்.
எத்தனை பேர் மெய்ப்புப் பார்த்தார்கள்,
எத்தனை பேர் பாடம் நடத்தினார்கள்.
ஒருவர் கண்ணிலும் உறுத்தவில்லை
அந்தச் செங்குத்துக் கோடு.

மென்பொருளின் தவறு, நம்முடையதல்ல
என்றான் ஸ்வெதோமிர்.
திறந்து பார்த்தேன்.
அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான்:
இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி,
நடுவில் நேராக ஓர் இழுப்பு.
வட்டம் என்று நாம் மயங்குவதும்
நானூறு குட்டை நேர்கோடுகள்.

தொண்ணூறுக்கு மயிரிழை முன்னால்
கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது வளைவு.
மயிரிழை பின்னால்
பாதாளத்திலிருந்து கிளம்பி வருகிறது.
போனவரும் வந்தவரும் ஒரே ஆள் என்று
கையைக் கோத்துவிட்டிருக்கிறது இது,
அப்பாவி.

புள்ளிகளைக் கூட்டினேன்.
நாலாயிரம். நாற்பதாயிரம்.
பொய் இன்னும் நிமிர்ந்து நின்றது.

மாலை வீட்டுக்குப் போனால்
வெப்பக் கட்டண ரசீது.
ஜனவரியில் மீட்டர் பார்க்க வந்தவருக்கு
கதவு திறக்க ஆளில்லை.
நவம்பர் அளவுக்கும் மார்ச் அளவுக்கும்
நடுவில் ஒரு கோடு இழுத்து
ஜனவரிக்கும் தொகை போட்டுவிட்டார்கள்.

அந்த மாதம் முழுக்க நான் ரூஸேயில் இருந்தேன்,
மருத்துவமனையில், தங்கை கட்டிலுக்குப் பக்கத்து
பிளாஸ்டிக் நாற்காலியில்.
வீடு விறைத்துக் கிடந்தது.
சமையலறைக் குழாய்கூட வெடித்தது.
ரசீதில்
கதகதப்பாக இருந்திருக்கிறேன்.

முறையிடப் போகவில்லை.
கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் அந்தச் சொல் அகப்பட்டது.
எண்கள் நிற்கும் வரிசையில்
எண் அல்லாத ஒன்றை வைக்கலாமாம்.
பெயரே அதுதான்: எண் அல்ல.
தொண்ணூறில் வைத்தேன்.
இருநூற்றெழுபதிலும்.
அந்த இடம் வந்ததும்
பேனா எழும்பியது,
எதையும் தொடாமல் கடந்தது,
அப்பால் இறங்கியது.

"படம் உடைந்த மாதிரி இருக்கே"
என்றான் ஸ்வெதோமிர்.
அவனுக்கு அட்டைப்பட வேலை.
குரங்குச் சேணம் என்றொரு வளைபரப்பு:
இரண்டு காலுக்கு இரண்டு பள்ளம்,
வாலைத் தொங்கவிட இன்னொன்று.
ஊதாவிலிருந்து மஞ்சள் வரை நிறமேற்றி
மவுஸால் சுழற்றிச் சுழற்றிக்
காட்டிக்கொண்டிருந்தான்.
வலைக்கண்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது,
அங்கே ஒன்றையும் நீ கணக்கிடவில்லையே என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"நிறம்" என்றான்.

ஸ்லதீனாவுக்கு மூன்று முறை பதில் எழுதினேன்.
முதலாவதில் விளக்கம் அதிகம்.
இரண்டாவதில், ஏன் என்று தெரியவில்லை,
ரூஸே வந்துவிட்டது.
மூன்றாவது இது:
பாடத்தை நம்பு. கோடு என்னுடையது.
எடுத்துவிட்டேன்.

ஏழாம் பதிப்பு அச்சேறிய அன்று
கீழ்த்தளத்திலிருந்து நைதென் கூப்பிட்டார்.
இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்,
கையில் ஈரம் காயாத தாள்.
"படம் நான்கில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கு.
தட்டில் ஏதும் பழுதா?"

விட்டுப்போகவில்லை என்றேன்.
விட்டிருக்கிறேன்.

தாளை விளக்குக்கு நேரே பிடித்து
இன்னொரு முறை பார்த்தார்.
தோளைக் குலுக்கிவிட்டு
விசையை அழுத்தினார்.