திரு. ஓடெல் ப்ரூயிட் அவர்களுக்கு

பால்டிமோர் நகராட்சி என் அப்பாவை
இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.
மண்ணில் வைத்து மூன்று வருஷம் ஆகியும்
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது,
மரியாதையாக, பெரிய எழுத்தில்,
ஜன்னல் வைத்த உறைக்குள்ளிருந்து.

அடுப்புக்குக் கீழே தட்டுகள் போட்டுவைக்கும் இழுப்பறை.
கோழி வறுக்கத் தட்டு தேடினேன்.
பதினோரு கடிதங்கள் இருந்தன.
ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.
சூட்டில் ஓரம் சுருண்டு, கொஞ்சம் எண்ணெய் குடித்து.

"எப்போதிலிருந்து?" என்றேன்.
தம்பி க்ளிஃப்டன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.
பிறகு குறைத்தான்.
"அப்பா பேருக்கு வந்ததை
நான் எப்படிப் பிரிக்கிறது?"

அப்பாவுக்கு நாலு வருஷம் டயப்பர் மாற்றிய கை அது.
நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து
ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனவன்.
மேற்கொண்டு கேட்கவில்லை.

மீன் கீறுகிற மாதிரி கத்தியால் கீறினேன்.
முதல் கடிதம் நினைவூட்டியது.
நாலாவது வருத்தப்பட்டது.
ஏழாவதில் 'திரு' போய்விட்டது.
ஒன்பதில் பெயரும் போய், வெறும் மனை எண்.
பதினொன்று தேதி சொன்னது: மே மாதம், ஏலம்.

ஏலம் வீட்டுக்கல்ல, கடனுக்கு.
முகம் தெரியாத ஒருவன் கணினி முன் உட்கார்ந்து
எங்கள் கடனை விலைக்கு வாங்குவான்.
தீனி போட்டு வளர்ப்பான்.
வளர்ந்தது ஒருநாள் வாசலுக்கு வந்து
சாவியைக் கேட்கும்.

வரியென்று பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம்.
மீதியெல்லாம் அது போட்ட குட்டிகள்.
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்,
பன்னிரண்டு சென்ட்.
அந்தப் பன்னிரண்டு சென்ட்தான் எனக்குக் கோபம் மூட்டியது.

இரும்பாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்து வாங்கிய வீடு.
முதலில் வீட்டுக்கு, அப்புறம் வயிற்றுக்கு என்பார் அப்பா.
வாசலில் மூன்று வெள்ளைச் சலவைக்கல் படிகள்.
சனிக்கிழமை தவறாமல் நாங்கள் மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும்.
இப்போது தெருவில் பாதி வீடுகளுக்குப் பலகை அடித்தாயிற்று.
படிகள் மட்டும் எங்கே ஏறுவது என்று தெரியாமல்
நிற்கின்றன.

நகராட்சியில் என் டோக்கன் எண்பத்து மூன்று.
கவுன்ட்டர் பெண்ணுக்கு ஊதா நகப்பூச்சு,
கட்டைவிரலில் மட்டும் உதிர்ந்திருந்தது.
"தவணையில் கட்டலாம். உரிமையாளர் கையெழுத்து வேண்டும்."
"உரிமையாளர் கல்லறையில் இருக்கிறார்."
"அப்படியென்றால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்."
"மாற்றுகிறேன்."
"மாற்ற வேண்டுமென்றால் முதலில் பாக்கியைக் கட்டுங்கள்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.
நாயொன்று தன் வாலைத் துரத்துவதை
இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த மாதிரி
ஒரு நிமிஷம்.

"எங்கள் பெரியம்மா வீட்டுக்கும் இதுதான் நடந்தது,"
குரலைத் தாழ்த்தினாள்.
"அப்புறம் என்ன ஆச்சு?"
"எண்பத்து நாலு," என்று கூப்பிட்டாள்.

என் பிக்கப் வண்டியை விற்றேன்.
நார்ஃபோக்கிலிருந்து தங்கை வெர்லீன்
ஐந்நூறு அனுப்பினாள், ஐயாயிரத்துக்கான அறிவுரையோடு.
போதவில்லை.

அன்று ராத்திரி க்ளிஃப்டன்
ஃப்ரீசரின் அடியில் கைவிட்டு
உறைபனி படிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தான்.
மீன் என்று நினைத்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர்,
இருபதும் பத்துமாய், விறைத்துப் போய்.

"சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன்," என்றான்.
"பிரித்தால் எவ்வளவு என்று தெரியும்.
தெரிந்தால் இது காணாது என்றும் தெரிந்துவிடும்.
அதனால்தான்..."
வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.
நோட்டுகளை ரேடியேட்டர் மேல் பரப்பி
உலரும்வரை
எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

ரசீது அப்பா பெயரில்தான் வந்தது.
நன்றி, திரு. ஓடெல் ப்ரூயிட்.
அந்தத் 'திரு'வை க்ளிஃப்டன்
கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான்.
பிறகு நாலாக மடித்து
அதே இழுப்பறையில் வைத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலையில் அடுத்தது வரும்.
யார் பிரிப்பது என்று
நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.