கோகிலவாணியின் அப்பா

ஆதிலாபாத் தாண்டி ஒரு டிப்பர் தெறித்த கல்.
அன்றைக்கு அது உளுந்தளவு.
நாக்பூரில் ஜவ்வரிசி இறக்கும்போது விரல் நீளம்,
திரும்பி வருகையில் கர்னூல் வெயிலில் முழங்கை.
தொப்பூர் இறக்கத்தில் ஒரு பிரேக் போட்டேன்,
விரிசல் மேலே ஏறிப் பேருக்குள் நுழைந்துவிட்டது.

கோகில ஒரு பக்கம். வாணி ஒரு பக்கம்.

ராத்திரியில் எதிர்வண்டி விளக்கு மூன்றாக வரும்.
நடுவில் இருப்பதை நம்பி ஓட்டிப் பழகியிருந்தேன்.
பிரேக் இன்ஸ்பெக்டர் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்:
“மாத்திட்டு வாங்க.”
எஃப்.சி. அதோடு நின்றது.

சங்ககிரி பைபாஸில் இதாயத்துல்லா பட்டறை.
கிளீனர் பையன் நோம்பிக்கு அந்தியூர் போய்விட்டான்.
“அப்ப உள்ள நீங்களே உக்காருங்க,
கவுறு இழுக்க ஒரு ஆளு வேணும்.”

விறைத்துப்போன ரப்பரைக் கத்தியால் சுற்றிக் கீறினார்.
நான் உள்ளிருந்து இரண்டு காலாலும் உந்தினேன்.
பிடிவாதம், பிறகு ஒரு பெருமூச்சு,
கண்ணாடி அவர் கைக்குப் போனது.
சட்டத்துப் பள்ளத்தில்
நாலைந்து கோதுமை, ஒரு செத்த குளவி,
எந்த ஊர் என்று தெரியாத செம்மண்.
அதற்கடியில் துரு.
ஸ்குரூடிரைவர் முனை அப்பளத்தில் போவதுபோல் போனது.
“கண்ணாடிய விடத் தகரந்தான் செலவு வெக்கும்” என்றார்.
வெல்டிங் பட்டறை ரோட்டுக்கு அக்கட்டால.

கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுத்தேன்.
இருநூறு அடி இருக்கும்.
சைசிங் மில்லின் கஞ்சி வாடை,
கோழித் தீவனம், எங்கோ வெங்காயம் வதங்குவது,
மொபெட்டில் போன பெண் போனில் சொன்னாள்:
“அவன் வரமாட்டான், நீ சோத்தத் தின்னு.”
ஆறு வருடமாக இந்த ரோடு.
அதற்கு வாசனை உண்டென்று தெரியாது எனக்கு.

புதுக் கண்ணாடி ஓரத்தில் புது ரப்பர்,
ரப்பரின் வாயில் நைலான் கயிறு,
எங்கும் சோப்புத் தண்ணீர்.
“சித்தெ பொறுங்க... இப்ப இழுங்க. வெடுக்குனு இழுக்காதீங்க.”
கயிறு வர வர ரப்பரின் உதடு
தகரத்தைத் தாண்டி என் பக்கம் விழுகிறது,
விரற்கடை விரற்கடையாக.
வெளியே அவர் உள்ளங்கையால் அறைந்துகொண்டே வருகிறார்.
கடைசி மூலை மட்டும் ஏறவில்லை.
மூன்று தடவை கயிற்றை உள்ளே விட்டு மூன்று தடவை இழுத்தோம்.
என் விரலில் ரத்தம், அவர் வாயில் கெட்ட வார்த்தை.

அது உட்கார்ந்ததும் ரோடு பாதியாக அடங்கியது.
இதாயத்துல்லாவின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.
இறங்கிப் போய்க் கேட்டேன்.
“ரெண்டு நாளைக்குக் கதவ ஓங்கிச் சாத்தாதீங்க.”

பழையது சுவரில் சாய்ந்து நின்றது, பேரோடு.

வண்டி வையப்பமலைக்காரரிடம் வாங்கியது.
பேர் அவர் மகளுடையது, பார்த்ததில்லை.
அழிக்க மறந்தேன். அதற்குள் செக்போஸ்ட் எல்லாம்
கோகிலவாணி அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.
எனக்குப் பிள்ளையே இல்லை.
கிருஷ்ணகிரி டோல்கேட் அம்மணி ஒருநாள் கேட்டது,
பொண்ணு என்ன படிக்குதுங்ணா?
ஏழாவது என்று வந்துவிட்டது வாயில்.
பிறகு ஒவ்வொரு ஜூனிலும் பாஸ் போட்டேன்.
கணக்கு வராது, ஓட்டப் பந்தயத்தில் கெட்டி
என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.
வீட்டில் இதைச் சொன்னதில்லை.

ஸ்டிக்கர் கடைப் பையன் அளவு நாடாவோடு வந்தான்.
“என்ன பேருங்க போடறது?”
அந்தப் பெரிய வெறும் கண்ணாடியில்
சங்ககிரி மலை தெரிந்தது, அவன் தெரிந்தான்,
வாய் திறந்தபடி நானும்.
“அப்பறம் பாத்துக்கலாம் தம்பி.”

மறுலோடு ஏற்றிப் போனபோது
டோல்கேட் அம்மணி எட்டிப் பார்த்தது.
“கண்ணாடி புதுசாட்ட இருக்குது? கோகிலவாணி எங்கீங்ணா?”
“காலேஜுக்குப் போயிருச்சு அம்மணி.
ஹாஸ்டல்ல உட்டிருக்குது.”
“சோறு புடிக்குமோ என்னமோ” என்றது.
கட்டை மேலே ஏறியது, பின்னால் ஆரன் அடித்தார்கள்.

இதாயத்துல்லா சொன்ன ரெண்டு நாள் தாண்டி
மாதம் ஒன்றாகிறது.
கதவை இன்னும் மெல்லத்தான் சாத்துகிறேன்.