தடம் பதினான்கு

என் வேலையில் போர் இல்லை.
சாவிகள் உண்டு. நாற்பத்தொன்று.
மாலையில் எண்ணும்போது நாற்பதாக இருந்தால்
அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

வராங்கர் குன்றின் மேல் இரண்டு ஆண்டெனாத் தட்டுகள்.
ஒன்று தெற்கே பார்க்கும்.
மற்றது எங்கே பார்க்கிறதென்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
மேலே ஏறி வரும் எவரும் கண்ணாலேயே பார்க்கலாம்.

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பின்பாதியில்தான் திரும்பும்.
இடைப்பட்ட நாளில் காலை என்பது
பதிவேட்டில் நான் எழுதுவதால் வருவது.

டீசல் எத்தனை விரற்கடை என்று கோல் விட்டுப் பார்ப்பேன்.
பாட்டரி அறையில் அறுபது கலங்கள்;
ஒவ்வொன்றின் அமிலத்தையும் உறிஞ்சி, அளந்து, திருப்பி ஊற்றுவேன்.
என் சட்டை அத்தனையிலும் பொட்டுப் பொட்டாய் ஓட்டை.
"கொசுவலையையா உடுத்தியிருக்கிறாய்" என்பான்
பாதையில் பனி வாரும் இஸ்ஸாத்.
அவனும் வருகைப் பதிவில் கையெழுத்திட வேண்டும்.
பதினோரு ஆண்டாக, "வந்த நோக்கம்" என்ற கட்டத்தில்
பனி என்று எழுதுகிறான்.
ஒரே ஒருமுறை காபி என்று எழுதினான்.
தலைமையகம் விளக்கம் கேட்டது.

ஊரில் கேட்பவர்களிடம் ஒருங்கிணைப்பாளர் என்பேன்.
எதை எதோடு என்பார்கள்.
பேசுகிறவர்களைக் கேட்கிறவர்களோடு.
என்ன பேசுகிறார்கள் என்பது என் வேலை அல்ல.
கேட்கிறதா என்பது மட்டும்தான்.

தடம் பதினான்குக்கு
பட்டியலில் எண் உண்டு, மறுமுனைக்குப் பெயர் இல்லை.
செவ்வாய்தோறும் பத்து பத்துக்குச் சோதனை:

"பதினான்கு, கேட்கிறதா?"
"தெளிவாக. உங்களுக்கு?"
"தெளிவாக. முடிந்தது."

ஏழு ஆண்டு. ஆறே சொல்.
முதலில் இளங்குரல்; போகப் போகக் கொஞ்சம் கரகரப்பு.
ஒரு வசந்தத்தில் மூன்று செவ்வாய் வேறொருவர் எடுத்தார்.
நான்காம் வாரம் அவரே வந்து "தெளிவாக" என்றபோது
மூக்கு அடைத்திருந்தது.
சளியா, சாவா.
இரைச்சல் அளவை மட்டும் குறித்துக்கொண்டேன்.
அது வழக்கம்போல இருந்தது.

இந்த டிசம்பரில் ஆணை வந்தது.
வேலைகள் செயற்கைக்கோளுக்கு மாறுகின்றன;
இறுதிச் சோதனைக்குப் பின் பதினான்கைத் துண்டிக்கவும்.
மூன்று பிரதி, முத்திரையோடு.

"பதினான்கு, கேட்கிறதா?"
"தெளிவாக. உங்களுக்கு?"
"தெளிவாக."
ஆறாவது சொல் வரவில்லை எனக்கு.
தடத்தில் மணல் சரிவது போல் ஓர் ஓசை.
"அங்கே பனி பெய்கிறதா?" என்றார்.

வானிலை, தடைசெய்யப்பட்ட தகவல்.
பிரிவு ஒன்பது, உட்பிரிவு இ.
அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியவளே நான்.
தவிர, ஜன்னல் இல்லாத அறை; எனக்கே தெரியாது.
"பொறுங்கள்" என்றேன்.
காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.
இரண்டு கதவு, இரண்டு சாவி,
வெளியே போய் முகத்தை நிமிர்த்தி நின்றேன்.
தூரத்தில் இஸ்ஸாத்தின் வண்டி விளக்கு.
அதன் மஞ்சளில் மட்டும் தெரிந்தது,
சாய்வாக, அவசரமில்லாமல்.

திரும்பி வந்து "ஆமாம்" என்றேன்.
"இங்கே இல்லை" என்றார்.
"முடிந்தது" என்றேன்.

நான்கு கம்பிகள். இடுக்கி புதிது,
நறுக்கென்று ஒரே பிடியில் போயிற்று.

விதிமீறல் அறிக்கையும் என் பொறுப்பே. எழுதினேன்.
மீறல்: மறுமுனையில் ஒரு கேள்வி, இம்முனையில் ஒரு பதில்.
தடம் ஆளின்றித் திறந்திருந்த நேரம்: நான்கு நிமிடம்.
மீண்டும் நிகழாதிருக்க எடுத்த நடவடிக்கை:
தடம் துண்டிக்கப்பட்டது.
கீழே ஹில்டூர் மோவன், தேதி.

பிறகு பலகையில் சாவிகளை எண்ணினேன்.
நாற்பது.
மறுபடி எண்ணினேன். நாற்பதுதான்.
வெளிக்கதவின் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது,
வளையம் நிறையப் பனி.