இருபத்து மூன்றரை

பரதராமியில் ஞாயிறு மூன்று மணிக்கு
தில்ஷாத்தின் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஐந்து பேர் உட்காருவோம்.
மெஷின் மூடியின் மேல் நூல்கண்டுகள்.
சித்தூர் பஸ் திரும்பும்போதெல்லாம்
கண்ணாடி அதிரும்.
யாராவது ஒருத்திக்கு எண்ணிக்கை தப்பும்.

சுகுணா தெலுங்கில் எண்ணுவாள்:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
நான் தமிழில்.
ரெண்டில் மட்டும் இருவரும்
ஒரே சத்தத்தில் சந்தித்துப்
பிரிந்துவிடுவோம்.

சுவரில் விதிகள், இதே மெஷினில் எடுத்த நகல்:
அக்ரிலிக் கூடாது, தீப்பட்டால் தோலோடு உருகும்.
மணி, ஜரிகை, பளபளப்பு கூடாது.
தின்பண்டம் கூடாது.
அனுப்புகிறவர் பெயர், போன் நம்பர்
கூடவே கூடாது.

தின்பண்டம் கூடாதென்றதால்
செல்வராணி நூலிலேயே ஒரு கிளிமூக்கு மாம்பழம் பின்னினாள்,
கட்டைவிரல் அளவு, மூக்கு சரியாக வளைந்து.
"சாவிக்கொத்தில் மாட்டிக்கட்டும்."
"மலை உச்சியில் எந்தப் பூட்டுக்குடி சாவி?"
கேட்டது தில்ஷாத்.
சிரித்தோம். பிறகு
ஆளுக்கு நாலு மாம்பழம் பின்னினோம்.

எனக்கு ஆறாத வேலை குல்லாய்தான்.
குரோஷா ஊசியைப் பிடித்தால்
கை அதற்கே போகும்.
போன வாரம் புஷ்பலீலா
என்னுடையதைத் தன் தலையில் கவிழ்த்தாள்,
மூக்கு வரை இறங்கியது.
"இது குல்லாயா, பால் குண்டானா?"
டேப் வைத்துப் பார்த்தார்கள்.
தாளில் இருபத்திரண்டு அங்குலம்.
என்னுடையது எல்லாமே
இருபத்து மூன்றரை.

ராணுவத்தில் தலை பெரிசு என்றேன்.

வேறென்ன சொல்ல?
அளந்து பார்க்க வாய்த்தது
ஒரே ஒரு தலை.
கல்யாணமான மூன்றாம் மாசம்,
லீவு முடிகிற ராத்திரி,
டேப் இல்லாமல் பாவாடை நாடாவைச் சுற்றினேன்.
"இறுக்காதே, மூளை பிதுங்கும்" என்றான்.
நாடாவில் ஒரு முடிச்சு.

அந்தக் குல்லாய் பாதியில் நின்றது.
மற்றது கோர்ட்டில் நின்றது,
'இருவரும் மனமொத்து' என்று எழுதிய தாளில்.
அதையும் இந்தக் கடையில்தான் நகல் எடுத்தேன்.
மூன்று காப்பி, ஆறு ரூபாய்.
தில்ஷாத் படித்திருப்பாள்.
படித்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

நாடா எங்கே போயிற்றோ.
முடிச்சு மட்டும் விரலுக்குள் ஏறிவிட்டது.
தொண்ணூற்றாறு சங்கிலி போட்டதும்
கை தானாக நின்றுவிடும்.

அவனுக்குப் போய்ச் சேரவேண்டும் என்றில்லை.
சேரக் கூடாது என்றும் இல்லை.
எந்தப் பெட்டி எந்த மலைக்கு என்று
போஸ்டாபீஸில் முத்திரை குத்துகிறவருக்கே தெரியாது.

இன்று தில்ஷாத் பேப்பரில்
இருபத்திரண்டு என்று பெரிசாக எழுதி
என் மடியில் வைத்தாள்.
தமிழில் எண்ணினால் கை ஏமாற்றும்.
சுகுணாவின் எண்களைக் கடன் வாங்கினேன்.
பஸ் திரும்பியது, கண்ணாடி அதிர்ந்தது,
விடவில்லை.
எனபைத் தொம்மிதி. தொம்பை.
நிறுத்தி, நுனிகளைச் சேர்த்து வளையமாக்கி
வேறு தலை அகப்படாமல்
என் தலையில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.

"அப்போ அந்தப் பதினொன்றையும் பிரித்துப் போடு,"
பெட்டிக்குள் கைவிட்டாள் புஷ்பலீலா.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
இருக்கட்டும்.
யாரோ ஒரு சின்னத் தலைக்காரன்,
இன்னும் சரியாக மீசை முளைக்காதவன்,
விளிம்பை மடித்துப் போட்டுக்கொள்வான்.
மடிப்பு விழுகிற இடம் காது.
அங்கே கம்பளி இரண்டு சுற்று.

தில்ஷாத் டேப் ஒட்டும் சத்தம்
ஷட்டர் இறங்குவது போலவே இருந்தது.
மாம்பழம் ஒன்று மேலே துருத்திக்கொண்டிருந்தது,
அமுக்கி உள்ளே தள்ளினோம்.