அறுபத்தொன்றாம் நாள்

இருபத்திரண்டு வருஷம்.
வருஷத்துக்கு அறுபது நாள் லீவு.
இந்த வீட்டுக்கு என்னை
அவ்வளவுதான் தெரியும்.

எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்புறீங்க
என்று ஒரே மூச்சில் கேட்பார்
மாடிவீட்டு ஞானப்பிரகாசம்.
இந்த முறை முதல் கேள்விக்கு மட்டும்
பதில் சொல்லிவிட்டு
கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலரைக்கு விழித்துவிடுகிறேன்.
கொளத்தூர் தூங்குகிறது.
தண்ணீர் லாரி வரும்வரை
குடங்களை உயர வரிசையில் நிறுத்துகிறேன்.
கீர்த்திகா அதைப் போட்டோ எடுத்து
யாருக்கோ அனுப்பிச் சிரிக்கிறாள்.
என்னிடம் அவள் இன்னும்
விருந்தாளியிடம் பேசுவதுபோல
முழு வாக்கியத்தில்தான் பேசுகிறாள்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனி.
என்ன தெரியும் சார், என்றான் பையன்.
மைனஸ் முப்பதில்
குடிதண்ணீர் உறையாமல் காக்கத் தெரியும்.
பக்கத்தில் படுத்திருப்பவன் மூச்சு மாறினால்
தூக்கத்திலேயே தெரியும்.
வெளியே கத்திரி வெயில்.
ஏசியைக் கூட்டிவிட்டு
எக்செல் தெரியுமா என்றான்.

டீக்கடையில் சுவரோரம் காலியில்லை என்றால்
எனக்கு டீ வேண்டாம்.
யாரிடமும் இதைச் சொன்னதில்லை.
ஆனால் கல்யாண மண்டபத்தில்
ஜெயக்கொடி எனக்கு முன்னால் போய்
கடைசி வரிசை நாற்காலியில்
தன் கைப்பையை வைத்துவிடுகிறாள்.

ஐம்பத்தெட்டாம் நாள்
முறுக்குக்கு மாவு பிசைந்தாள்.
ரெண்டு படி. ஒரு செக்‌ஷனுக்கே போதும்.
பாதி பிழிந்ததும் கை நின்றது.
எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது.
"யாருக்கு இதெல்லாம்?" என்றாள்
அச்சைப் பார்த்து.

அறுபதாம் நாள் ராத்திரி
சொல்லாமல் சென்ட்ரலுக்குப் போனேன்.
பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து
டில்லி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கறுப்பு டிரங்குப் பெட்டி,
அதில் பெயிண்ட் காயாத பேர்,
மீசை சரியாக முளைக்காத ஒருத்தன்.
வண்டி நகர்ந்தபோது
என் கால்கள் கூடவே ஆறேழு எட்டு நடந்தன.
பிறகு நின்றன.
யாரும் ஆர்டர் போடவில்லை.

திரும்பி வர மணி பன்னிரண்டு.
எங்கே போனீங்க என்று அவள் கேட்கவில்லை.
என் பெட்டிமேல் மிக்சி ஏறியிருந்தது.
வெள்ளை எழுத்தில் என் நம்பர்,
கடைசி மூன்று இலக்கம்
ஒயருக்குப் பின்னால்.

நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் போல,
கைகள் தொடையை ஒட்டி.
"உக்காருங்களேன்."
சம்படத்தைத் திறந்து நீட்டினாள்.

எனக்கென்று கட்டிக்கொடுப்பதை
நாக்பூர் தாண்டித்தான் பிரிப்பேன்.
நமுக்காத முறுக்கு
இவ்வளவு சத்தம் போடும் என்று
தெரியாது.

உள்ளறையில் கட்டில் முனகியது.
தூக்கத்தில் பாதிக் குரல்:
"ப்பா... எனக்கும் ரெண்டு."